முச்சந்தியில் உன் முகம்

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக முச்சந்திக்குப் போய் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ரோட்டோரத்துத் தேயிலை எல்லாம் பனியில் நனைந்து நின்றது. உன் படம் அடித்த பிளாஸ்டிக் பெனரின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் இறங்கி, உன் நெற்றியிலும் மூக்கிலும் வழிந்து, கீழே 'எங்கள் தோட்டத்தின் பெருமை' என்று எழுதியிருக்கும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலும் மழையும் பட்டு உன் கன்னங்கள் வெளுத்துவிட்டன. அந்தக் கோட்டும் டையும் மட்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. நீ உன் வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. பதுளையில் பெனர் அடித்த கடைக்காரர் உன் பாடசாலைப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, யாரோ ஒருவருடைய கோட்டுக்கு மேலே ஒட்டிவிட்டார். அன்று அதைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம். இன்று காலை எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். உன்மேல் கோபமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யார் குரல் உயர்ந்தாலும் அது உன்னைத்தான் என்று நினைக்கிற பழக்கம் உனக்கு இருக்கிறது.

போன சனிக்கிழமை போனில் பேசும்போது, திருவிழாவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். நீ, "அந்த பெனர் இன்னும் இருக்காம்மா?" என்றாய். "இருக்குடா. அது பாட்டுக்கு ஒரு பக்கத்துல இருக்கு, அதுக்கென்ன?" என்றேன். "ஒன்னுமில்லம்மா. அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லி, உடனே அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாய். போன வருடமும் இதையேதான் சொன்னாய். நீ மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாய், கொழும்புக் கெம்பஸுக்குத் திரும்பிப் போய் விட்ட பாடங்களை மறுபடி படிக்கிறாய், அறைத் தோழர்களோடு சமைத்துச் சாப்பிடுகிறாய். இவ்வளவும் முடிகிற உன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கடந்து வீட்டுக்கு வர முடியவில்லை. கேட்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். முச்சந்தியைத் தவிர்த்து நீ மலையால் வந்த அந்த நாளில் உன் கால்களைக் கழுவியவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். கோயில் கமிட்டித் தலைவர் பெருமாள் மாமா பட்டாசு கொளுத்தினார். தப்பு மேளம் அடித்தார்கள். லயத்து வரிசை வீட்டுக் குழந்தைகள் எல்லாம் "டீச்சர் மகன் இஞ்சினியரு" என்று கத்திக்கொண்டு ஓடின. நீ அப்போது கெம்பஸ் வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஒரு பரீட்சை எழுதியிருந்தாய், அவ்வளவுதான். அதற்குள் உன்னை வழியில் நிறுத்தி, "தம்பி, எங்க லயத்துக்குப் போற ரோட்ட நீதான் போட்டுக் குடுக்கணும்" என்றார் ஒருவர். "தண்ணி டேங்கி உன் பொறுப்புடா மருமகனே" என்றார் இன்னொருவர். நீயும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் "சரி மாமா, சரி அத்தை" என்றாய். ரோட்டுப் போட வேண்டியவர்களை, டேங்கி கட்ட வேண்டியவர்களைக் கேட்கத் துணியாத ஊர், பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டது. விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள் என்று உன் அப்பா இன்றும் சொல்கிறார். விளையாட்டாகக் கேட்டதாக நீ எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பசறையிலிருந்து லுணுகலைக்கு பஸ்ஸில் வரும்போது பார்த்திருப்பாய். ஒவ்வொரு தோட்டத்து முச்சந்தியிலும் ஒரு பிள்ளையின் முகம். அடுத்த பிள்ளை கெம்பஸுக்குப் போகும்வரை பழைய முகத்தை யாரும் இறக்குவதில்லை. நம் தோட்டத்தில் உனக்குப் பிறகு இன்னும் யாரும் போகவில்லை. அதனால் நீ அங்கேயே நிற்கிறாய். நான் அந்த வழியாகத்தான் பாடசாலைக்குப் போகிறேன். போன தவணையில், நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி என் பக்கத்தில் நடந்து வந்தவள், உன் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், நான் பாஸானா என்னையும் இப்படி கட்டுவாங்களா?" என்றாள். ஆசையில் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமா, கட்டாயம்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "பொறகு எறக்கவே மாட்டாங்களா?" என்றாள். எனக்கு இரண்டு மூன்று எட்டு எடுத்து வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

இரண்டாம் வருடம், தவணை நடுவில், மழையில், பையோடு நீ வாசலில் வந்து நின்றாய். இரண்டு கால்களிலும் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. முச்சந்தியில் இறங்கினால் கொங்கிரீட் பாதை வீடு வரைக்கும் வரும். நீ அதற்கு முந்திய வளைவிலேயே இறங்கி, மேல் மலைத் தேயிலைக்குள் நுழைந்து வந்திருந்தாய். "ஏன்டா மலையால வந்த?" என்று கேட்டேன். "சும்மாதாம்மா" என்றாய். உப்புத் தண்ணீரால் கால்களைக் கழுவிவிட்டேன். அப்படியே படுத்தவன், பிறகு எழும்பவில்லை. குளிக்கவில்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு அப்படியே வைத்தாய். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாய். இரண்டு பாடங்கள் தவறியதும், ஆங்கிலத்தில் விரிவுரை விளங்காததும், அதை யாரிடமும் சொல்லமுடியாமல் அறைக்குள்ளேயே கிடந்ததும் எனக்குத் தெரிய வெகுநாளானது. "சொல்லியிருக்கலாமேடா" என்றேன். "எப்படிம்மா சொல்றது? அங்க நான் பாஸாகி நிக்கிறேனே" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாய். முச்சந்தி இருக்கும் திசை அது.

உன் அப்பா பீலிக்கரையில் குளிக்கும்போது யாரோ கேட்டதற்கு, "அவனுக்கு கெஸ்ட்ரிக். கடச் சாப்பாடு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த நிமிடத்தில் நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அன்று சாயந்தரமே லயம் முழுக்க நம் வீட்டுக்கு வந்துவிட்டது, உனக்கு நினைவிருக்கும். ஒருவர் வெந்தயத் தண்ணீர், ஒருவர் மோர், ஒருவர் வல்லாரைச் சாறு. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்து, நீ குடித்து முடிக்கிறவரைக்கும் கட்டிலோரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பார். "வயித்தக் காயப்போடக் கூடாது சாமி. என் வீட்டுக்காரருக்கு இதே கெஸ்ட்ரிக்குதான், இந்தக் கஞ்சியிலதான் எந்திரிச்சாரு" என்பார். நீ ஒன்றையும் மறுக்கவில்லை. ஒருநாள் அவர் போன பிறகு, "அம்மா, இவங்க வைத்தியத்துல எனக்கு நெசமாவே கெஸ்ட்ரிக் வந்துரும்போல" என்றாய். இரண்டு வாரத்தில் நீ சொன்ன முதல் வேடிக்கை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பிறகு டவுன் ஆஸ்பத்திரியில், மனநோய் கிளினிக் வாங்குப் பலகையில் நாம் உட்கார்ந்திருந்ததைத் தோட்டத்து ஆள் ஒருவர் கண்டுவிட்டார். மறுநாள் கஞ்சி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பாக்கியம் அக்கா கெட்டவர் இல்லை. வாசலில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு விறகுக்குப் போனார், என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. "டீச்சர் மகனுக்கு மண்டையில கோளாறாம்." "கூடுதலாப் படிச்சா அப்படித்தான் ஆகும்." "கொழும்புல எவளோ ஏமாத்திட்டாளாம்." என்னோடு பஸ்ஸில் வந்த ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "நாங்க மழையில நனஞ்சு கொழுந்து எடுக்குறோம் டீச்சர். எங்களுக்கு வராத மனசு நோவு, குந்தி படிக்கிற புள்ளைக்கு எப்படி வரும்?"

அவளுக்கான பதில் எனக்கு இன்று வருகிறது. உனக்கும் அந்த நோவு வந்திருக்கிறது அம்மா என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வருடக்கணக்காகத் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாயே, டிஸ்பென்சரியில் எத்தனை மாத்திரை போட்டும் நிற்காத அந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது என்று யாராவது உன்னைக் கேட்டார்களா? சம்பள நாளில் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து கிடக்கிற உன் புருஷனை ஊர் திட்டியதே தவிர, அவனுக்குள் என்ன என்று ஒருவர் கேட்டதுண்டா? இந்த மலையில் துக்கத்துக்கு லீவு கிடையாது. அது வயிற்று வலியாகவோ முழங்கால் வலியாகவோ வந்து நின்றால்தான் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாததை மன்னிப்பார்கள். அதனால்தான் நாம் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் தள்ளப் பழகிவிட்டோம். வயிற்றுக்கு ஓடிவந்த சனம் மனதுக்கு வராமல் போனதற்கு அவர்களுடைய கல் நெஞ்சு காரணம் என்று நான் நினைக்கவில்லை. தங்களுக்கே கிடைக்காத ஒன்றை உனக்கு எப்படிக் கொடுப்பார்கள்? எனக்குக் கோபம் வருவது, இவ்வளவு காலமும் அவர்களுக்கு அதைக் கொடுக்காமல் விட்டவர்கள்மேல். இத்தனை தேர்தல் பார்த்துவிட்டோம். தகரம் தருகிறோம், சீமெந்து தருகிறோம் என்று வந்தவர்களில் ஒருவர்கூட, உங்கள் பிள்ளைகள் இரவில் தூங்குகிறார்களா என்று கேட்டதில்லை.

கிளினிக்கில் நடந்ததை எழுதாமல் விட முடியாது. அந்த டொக்டர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த சிங்களப் பெண்பிள்ளை. நல்ல பிள்ளை. அவருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்த யாரும் அறையில் இல்லை. உனக்குச் சிங்களம் வரும் என்றாலும் நீ வெளியாளோடு பேசுகிற நிலையில் இல்லை, அதனால் நான் நடுவில் உட்கார்ந்தேன். அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "காலைல முழிப்பு வந்தாலே பயமா இருக்கும்மா. முழிக்காமலே இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது." நான் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் சொல் இருந்தது, வாய்தான் வரவில்லை. "சரியாத் தூக்கமில்லை என்கிறான்" என்று டொக்டரிடம் சொன்னேன். அப்போது நீ தலையை நிமிர்த்தினாய். பல நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக இன்னொரு மனிதரை நேராகப் பார்த்தாய். "அம்மா சொன்னது சரியில்ல, மிஸ்" என்று சிங்களத்தில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் நீயே சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்த நிமிடத்தில் எனக்குப் பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. அதற்கும் மேலாக, இவன் பிழைத்துக்கொள்வான் என்ற ஒன்றும் இருந்தது. உனக்கு நான் சொல்லக்கூடிய எல்லாப் புத்தியையும்விட அன்று நீ செய்தது பெரியது. உன் வார்த்தையை யாரும் மிருதுவாக்க விடாதே. நானாக இருந்தாலும் விடாதே.

உண்மை தெரிந்த பிறகும் நம் வீட்டுக்கு வந்தது லெச்சுமி சித்தி ஒருத்திதான். மீரியபெத்த மண்சரிவில் வீட்டோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு வந்தவள். மழை பெய்தால் அவள் படுக்கமாட்டாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என் தங்கைக்கு 'மழைப் பயம்' என்று பேர் வைத்து, கலியாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம். அவள் உன் கட்டிலில் வந்து உட்கார்ந்து, உனக்குக் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது போட்டா தூக்கம் வருதாடா?" என்றாள். "மொத வாரம் ஒன்னும் தெரியல சித்தி. இப்ப கொஞ்சம் வருது" என்றாய். "என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போறியா? ஒங்க சித்தப்பாகிட்ட சொன்னா கோயிலுக்குப் போவோம்பாரு. கோயிலுக்கு இவ்வளவு நாளும் போய்ட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அடுத்த கிளினிக் நாளில் நீ எழுந்து, குளித்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிப் போனாய். அவளுக்கு வேண்டிய சிங்களத்தை நீ பேசினாய். ஒரு சொல்லையும் குறைக்காமல் பேசினாய் என்று அவளே என்னிடம் சொன்னாள். இப்போது மழை நாட்களில் அவள் கதவைச் சாத்திப் படுக்கிறாளாம். எல்லா நாளும் இல்லை, சில நாள்.

கொழும்பில் நீ தனியாக இருக்கிறாய், அதனால் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். உடம்பு லேசாகிவிட்டதென்று நீயாக மாத்திரையை நிறுத்தாதே. நிறுத்துவதென்றால் டொக்டரிடம் கேட்டு நிறுத்து. பரீட்சைக்காகத் தூக்கத்தை வெட்டாதே. அறைக்குள்ளேயே கிடக்கத் தோன்றுகிற நாட்களில் வெளியே போய் யாரோடாவது ஒரு பிளேன் டீ குடி, பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இருக்கட்டும். காலையில் விழிக்கப் பயமாக இருக்கும் அந்த நினைப்பு திரும்பி வந்தால், அது பெரியதா சின்னதா என்று நீ எடைபோட்டுக்கொண்டிருக்காதே. உடனே எனக்குப் போன் எடு. எந்த நேரமென்று பார்க்காதே. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் எடுப்பேன். கூட இருக்கும் நண்பன் ஒருவனிடமாவது நோயின் பெயரைச் சொல்லி வை. கெஸ்ட்ரிக் என்று சொல்லாதே. இன்னொரு பாடம் தவறினாலும் தவறட்டும், அந்தப் படிப்பே வேண்டாமென்று தோன்றி வேறொன்று படித்தாலும் படி. இந்தத் தோட்டத்துக்கு நீ ஒரு ரோடும் போட்டுத்தர வேண்டியதில்லை. கிளினிக்கில் கண்ட மறுநாளே கஞ்சியை நிறுத்திய ஊருக்கு, உன் மூளையைப் பிழிந்து கொடுக்கச் சொல்லும் உரிமை கிடையாது.

இதையெல்லாம் நான் மெதுவாகத்தான் எழுதியிருப்பேன், வியாழக்கிழமை கமிட்டிக்காரர்கள் வராமல் இருந்திருந்தால். பெருமாள் மாமாதான் பேசினார். "டீச்சர், தம்பி படம் வெளுத்துப்போச்சு. திருவிழாவுக்கு வெளியாளுங்க வருவாங்க. பெருசா ஒன்னு புதுசா அடிச்சு, லைட்டு போட்டு கட்டலாம்னு இருக்கோம். நல்ல போட்டோ ஒன்னு குடுங்க."

"வேணாங்க மாமா. பழசையும் இறக்கிருங்க" என்றேன்.

"என்ன டீச்சர் இப்படி சொல்றீங்க? எறக்கினா அந்த எடமே மொட்டையா இருக்கும். அந்தப் புள்ளைக்கு ஏதோ சொகமில்லாமப் போச்சு, அதெல்லாம் நாங்க மறந்தாச்சு. கட்டினா வெளியாளுக்கும் ஒன்னும் தெரியாது பாருங்க."

மறந்துவிட்டார்களாம். உன் நோயை மன்னித்து, அதன்மேல் ஒரு புதுப் படத்தை ஒட்டி மறைத்துத் தருகிறார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "குடுத்துரு, ஊர் ஆசப்படுது" என்றார். அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் வெகுநேரம் சண்டை பிடித்தோம். அவர் கடைசியில் ஒன்று சொன்னார்: "பெக்டரியில மெசினுக்குப் பக்கத்துல நிக்கிறப்போ என்னைய ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான். அந்த பெனர் வந்த பொறகுதான் தோட்டத் தொரையே நின்னு பேசினாரு." ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் உன் முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டு வருகிறார், உனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கிருந்த கோபம் அதோடு கொஞ்சம் இறங்கியது. ஒரு மனிதனை நிமிர்ந்து பார்க்க, அவன் பெற்ற பிள்ளையைக் கம்பத்தில் கட்டிவைக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் இறங்கவில்லை.

அதனால்தான் இன்று காலை முச்சந்திக்குப் போனேன். பார்ப்பதற்கு மட்டும் போகவில்லை. எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று தொட்டுப் பார்த்தேன். நான்கு மூலையிலும் கட்டுக்கம்பி. கீழ் மூலைகள் எனக்கு எட்டும். மேல் மூலைகளுக்கு அப்பாவின் ஏணியும் குறடும் வேண்டும். நாளைக் காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் முச்சந்தியைத் தாண்டி மலைக்கு ஏறுகிற நேரத்தில் அதைக் கழற்றப்போகிறேன். யாரும் பார்க்காத நேரத்தில் செய்தால் நாம் ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி ஆகிவிடும். எல்லோரும் பார்க்கட்டும். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, லெச்சுமியிடமும் சொல்லவில்லை. நீ இதைப் படிக்கும்போது முடிந்திருக்கும். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டால், என் மகன் வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்வேன். உன் நோயைப் பற்றிச் சொல்ல உன் சம்மதம் வேண்டும். இந்தக் கடிதத்தையும் நீ சரி என்றால் மட்டுமே மற்றவர்கள் படிப்பார்கள். பெனரை இறக்க எனக்கு ஒருவருடைய சம்மதமும் வேண்டாம்.

மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்து விறகு அடுக்கின்மேல், எழுத்தும் கோட்டும் கீழே போகும்படி விரித்துவிடுவேன். தடித்த ஷீட், விறகு நனையாது. உன் அப்பா சில நாள் என்னோடு பேசமாட்டார். பாக்கியம் அக்கா வாசலுக்கு வந்து என்ன ஏது என்று கேட்பார், அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பேன். திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. நீ வந்தால், முச்சந்தியிலேயே இறங்கு. மேல் மலையில் இப்போது அட்டை அதிகம்.

அம்மா